ஊறுகாய் கேட்டவர் அல்பமா?

2024 ஜூலையில் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பேப்பரில் பார்த்திருப்பீர்கள், வாட்ஸ்அப்பிலும் பத்து முறையாவது வந்திருக்கும். உறவினர் ஒருவரின் நினைவு நாளுக்கு முதியவர்களுக்குச் சாப்பாடு போட நினைத்த ஒருவர், 2022 நவம்பரில் அங்கே ஒரு ஓட்டலில் 25 பார்சல் சாப்பாடு வாங்கினார். ஒன்று 80 ரூபாய், மொத்தம் 2,000 ரூபாய். சாதம், குழம்பு, ரசம், மோர், வடை, அப்பளம் என்று 11 வகை தருவதாகக் கடையில் சொல்லியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் ஊறுகாய் இல்லை. ஒரு பொட்டலம் ஒரு ரூபாய் வீதம் 25 ரூபாயைத் திருப்பிக் கேட்டார், கடைக்காரர் தரவில்லை. வழக்குப் போட்டார். மன உளைச்சலுக்கு 30,000, வழக்குச் செலவுக்கு 5,000, ஊறுகாய்க்கு 25 ரூபாய், எல்லாவற்றையும் 45 நாளில் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் அன்று ஒரே சிரிப்பு. "ஒரு ரூவா ஊறுகாய்க்கு முப்பத்தஞ்சாயிரமாமுங்க! நானும் ஒரு கேஸு போட்டர்றேன்" என்றார் ஒருவர். இன்னொருவர், "இதுக்கெல்லாமா கோர்ட்டுக்குப் போவாங்க, பொழப்பத்த மனுசன்" என்றார். இவ்வளவு காலம் கழித்தும் ஓட்டலில் யாராவது ஒன்று கேட்டால், "ஊறுகாய்க் கேஸு போடப் போறீங்களா?" என்று கிண்டல் செய்வது நிற்கவில்லை. போன வாரம் ஒரு விசேஷ வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

எனக்கு அந்த மனிதரைத் தெரியாது. ஆனால் அவர் பக்கம்தான் நான்.

அந்தச் சாப்பாடு எதற்கு வாங்கியது என்று பாருங்கள். இறந்தவர் பெயரைச் சொல்லி வயசானவர்களுக்குப் போடும் சாப்பாடு. நம் பக்கத்தில் திதிச் சோறு என்றால் எப்படிச் செய்வோம்? வீட்டில் நாலு பொம்பளைங்க விடியக்காலை எழுந்து, இறந்துபோனவருக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்து யோசித்துச் சமைப்பார்கள். இலையில் ஒரு பதார்த்தம் விட்டுப் போனால், அந்த வருசம் பூராவும் அதைச் சொல்லிச் சொல்லி வருந்துவார்கள். வீட்டில் சமைக்க ஆள் இல்லாத காலம் இது, ஓட்டலை நம்பி ஒப்படைக்கிறோம். அந்த இடத்தில் ஊறுகாயை ஒரு ரூபாய்ப் பொட்டலம் என்று எடை போடக் கூடாது. பல் போன கிழவர்களுக்கு மோர்ச் சாதம் உள்ளே இறங்க அதுதான் துணை. இதைப் படிக்கிற உங்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம், 25 ரூபாய் போனால் போகிறது என்று சொல்பவர்கள் அதை வாங்கியவருக்கு மட்டும் ஏன் சொல்கிறார்கள்? விற்றவருக்கும் அது 25 ரூபாய்தானே. கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்து, "தப்பாப் போச்சுங்க, மனசுல வச்சுக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வழக்கே இல்லை. 25 ரூபாயை விட மனசில்லாமல் இருந்தவர் கடைக்காரர். அல்பம் என்ற பட்டம் மட்டும் கேட்டவருக்கு!

நம் கொங்கு நாட்டுக்காரர்கள் இதில் சிரிப்பது எனக்கு இன்னும் வேடிக்கையாக இருக்கிறது. பந்தியில் அப்பளம் வரவில்லை என்று சம்மந்தி வீட்டார் கோவித்துக்கொண்டு வண்டியேறிய கதை எல்லாக் குடும்பத்திலும் ஒன்றாவது இருக்கும். கல்யாணத்தில் பந்தி விசாரிக்க என்றே ஆள் வைக்கிற ஊர் இது. பெரிய மனுசர் ஒருவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பார். "பாத்துச் சாப்புடுங்க, கூச்சப்படாதீங்க, ஏனுங் மாமா, ரசம் வந்துச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே போவார். அவர் சாப்பிடுவது கடைசிப் பந்தியில். காசு வாங்காமல் போடும் சோற்றுக்கு இத்தனை விசாரிப்பு. காசு கொடுத்துச் சாப்பிடும் இடத்தில் விசாரிக்க ஆளும் இல்லை, நாமாகக் கேட்டால் கேலியும் உண்டு.

முன்பு ஓட்டல்களில் அந்த விசாரிப்பு இருந்தது. அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு என்று பலகையில் சாக்பீஸில் எழுதியிருக்கும். முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தாலும் பார்வை இலைகள் மேல்தான். யார் இலையில் எது மிஞ்சுகிறது என்று பார்ப்பார். ஒரே காய் நாலு இலையில் மிஞ்சினால் சமையல்கட்டுக்குள் போய் ஒரு சத்தம் போடுவார். வாடிக்கையாளர் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வராது. இப்போது முதலாளி கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ இருக்கிறார். கேமரா வைத்திருக்கிறார், அதுவும் கல்லாவைப் பார்க்கிறது.

பேரனின் பிறந்த நாளுக்குக் குடும்பத்தோடு புறவழிச்சாலையில் ஒரு பேமிலி ரெஸ்டாரண்டுக்குப் போயிருந்தோம். எந்தக் கடை, பெருந்துறைக்கு எந்தப் பக்கம் என்பதெல்லாம் வேண்டாம். கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் பெரிய பிள்ளையார். உட்கார்ந்ததும் மெனு கார்டு கேட்டேன். பையன் மேசை மூலையில் ஒட்டியிருந்த கறுப்புக் கட்டத்தைக் காட்டினான். போனை அதன் மேல் காட்ட வேண்டுமாம். என் மனைவிக்குக் கண் ஆபரேசன் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பத்து வயசுப் பேரன் ஒவ்வொன்றாக வாசிக்க, "அப்பச்சி, இது வேணுமா, அது வேணுமா" என்று கேட்க, நாங்கள் தலையாட்டினோம். பேரனுக்கு அது விளையாட்டு. பேரன் கூட வராத இரண்டு கிழடுகள் என்ன செய்யும் என்று யாரும் யோசிக்கவில்லை. ஒரு அட்டையை அச்சடித்து வைக்க என்ன செலவாகிவிடும்?

சாப்பாடு வந்தது. பீன்ஸ் பொரியலை வாயில் வைத்ததுமே தெரிந்தது, ஊசிப்போயிருந்தது. தேங்காய் போட்ட பொரியல், வெயில் காலம், காலையில் செய்தது. பையனிடம் சொன்னேன். அவன் வடக்கத்திப் பையன், பாவம், நான் சொன்னது புரியாமல் இன்னும் ஒரு கரண்டி போட வந்தான். சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "காலைல இருந்து நூறு பேருக்கு மேல சாப்ட்டுட்டாங்க சார். யாரும் ஒண்ணும் சொல்லலை."

பக்கத்து மேசையில் எங்கள் வயசுத் தம்பதி ஒன்று சாப்பிட்டு முடித்து எழுந்துகொண்டிருந்தது. இரண்டு இலையிலும் பொரியல் ஓரத்தில் ஒதுக்கி வைத்தபடி இருந்தது. அவர்களும் வாயில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், ஒதுக்கிவிட்டார்கள். அந்தம்மா கை கழுவப் போனார், ஐயா பில்லைக் கட்டி, தட்டில் இருபது ரூபாயும் வைத்துவிட்டுப் போனார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று சூப்பர்வைசர் சொன்னதில் பொய் இல்லை. யாரும் சொல்லத்தான் இல்லை.

என் மாப்பிள்ளை நல்ல பையன். "உடுங்க மாமா, நமக்கெதுக்கு வம்பு, பொறந்த நாளும் அதுவுமா" என்றார். நான் விடவில்லை. சத்தமும் போடவில்லை. "தம்பி, இந்தக் கிண்ணத்தை மோந்து பாருங்க, அப்புறம் பேசலாம்" என்றேன். மோந்து பார்த்தார். முகம் மாறியது. உள்ளே போய் வேறொருவரை அழைத்து வந்தார். ஒரு சாப்பாட்டுக்கான காசைக் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அது கிடக்கட்டும், அந்தப் பொரியல் வாளி இனி வெளியே வரக் கூடாது என்றேன். வாளி உள்ளே போயிற்று. வயசானவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் ஊசிப்போன காய் ஒரு ராத்திரி ஆஸ்பத்திரி வாசம். அந்த மேசைக்கு அடுத்து வந்த குடும்பத்தில் கைக்குழந்தை இருந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் வாயைத் திறந்தால், பெரும்பாலும் அந்தப் பரிமாறும் பையனிடம்தான் திறக்கிறார்கள். சிப்காட் வந்ததிலிருந்து பெருந்துறைக்கு வடக்கத்தி ஆட்கள் வரத்து அதிகம். மில்லிலும் கம்பெனியிலும் ஓட்டலிலும் அவர்கள்தான். ஊரை விட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்து, காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டு, மொழி தெரியாமல் எச்சில் இலை எடுக்கிறான். பொரியலை அவன் செய்யவில்லை, விலையை அவன் வைக்கவில்லை, நாலு தமிழ் வார்த்தை சொல்லிக்கொடுக்க முதலாளிக்கும் நேரமில்லை. அவனைப் பார்த்து, "எங்கிருந்துடா வந்தீங்க எல்லாம்" என்று கத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கல்லாவுக்கு வந்ததும் அதே மனிதர் பல்லைக் காட்டி, "நல்லா இருந்துச்சுங்க" என்பார். இது கோபமில்லை, கோழைத்தனம். கேட்க வேண்டியது கல்லாவில்.

இதே 2024-இல் செப்டம்பர் மாதம் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். கோவை கொடிசியாவில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தொழில்முனைவோரைச் சந்தித்தார். அன்னபூர்ணா ஓட்டல் சீனிவாசன் எழுந்து, பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதம் என்று சொல்லி, வாடிக்கையாளர் பன்னையும் கிரீமையும் தனித்தனியாகக் கொடுங்கள், நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்கிறார்கள் என்றார். சபையே சிரித்தது. அடுத்த நாள் அவர் அமைச்சரைத் தனியாகப் பார்த்து வருத்தம் தெரிவித்த வீடியோ வெளியே வந்தது. நம் ஊரே கொதித்தது. "ஒரு நியாயத்தைக் கேட்டதுக்கு இப்படியா?" என்று நடைக் கூட்டத்தில் பேசாத ஆள் இல்லை. நானும் பேசினேன், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் இரண்டு மாத இடைவெளியில் நடந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிரீமுக்குப் போடும் வரியைப் பற்றி அமைச்சரிடம் கேட்ட கடைக்காரர் துணிச்சல்காரர். ஊறுகாயைப் பற்றிக் கடைக்காரரிடம் கேட்ட வாடிக்கையாளர் பொழப்பத்தவர். ஒருவர் தனக்கு மேலே இருப்பவரிடம் கணக்குக் கேட்டார், இன்னொருவரும் அதைத்தான் செய்தார். கேட்டவர் கையில் காசும் கடையும் இருந்தால் மரியாதை, பார்சல் பை மட்டும் இருந்தால் சிரிப்பு. இந்த வித்தியாசம் எனக்கு விளங்கவில்லை.

ஓட்டல் நடத்தும் நண்பர் ஒருவர் இதைப் படித்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், பல தடவை சொல்லியிருக்கிறார். "கேஸ் சிலிண்டர் என்ன வெலைன்னு தெரியுங்களா? மாஸ்டர் கெடைக்கறதில்லை. கெடைச்சா அட்வான்ஸ் வாங்கிட்டு ஓடிர்றான். ஆன்லைன் ஆர்டர்ல கமிசன் போக கையில என்ன நிக்குது? சாப்பாட்டுக்கு அஞ்சு சதம் ஜிஎஸ்டி கட்டறோம், வாங்கற பொருளுக்குக் கட்டுன வரியைத் திருப்பி எடுக்கவும் முடியாது." எல்லாம் உண்மை. 2017 நவம்பரில் ஓட்டல் வரியை 5 சதமாகக் குறைத்தபோது, உள்ளீட்டு வரிக் கழிவை எடுத்துவிட்டார்கள். ஆகவே அவர் சொல்லும் கஷ்டம் கற்பனை இல்லை.

அவருக்கு என் பதில் ஒன்றுதான். விலையை ஏற்றுங்கள், பலகையில் எழுதிப் போடுங்கள். 120 ரூபாய்ச் சாப்பாட்டை 150 ஆக்குங்கள், பிடித்தவர் வரட்டும். பாயசம் கட்டாது என்றால் பலகையிலிருந்து பாயசத்தை அழியுங்கள். பலகையில் 11 என்று எழுதி இலையில் 10 வைக்காதீர்கள். "அன்லிமிடெட்" என்று பேனர் கட்டிவிட்டு, இரண்டாவது முறை சாதம் கேட்டதும் பையன் சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்கிறானே, அந்தப் பார்வைக்கு விலை போட முடியாது. வயசானவன் அரைக் கரண்டி ரசம் கேட்பதற்குக் கூச வைக்கிறீர்கள். சொந்த ஊரில், தன் காசில்.

கேட்பதிலும் முறை உண்டு. நம் பக்கத் தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலில் தண்ணீர் பாட்டிலுக்கு எம்ஆர்பி-க்கு மேல் ஐந்து ரூபாய் போட்டுவிட்டார்கள் என்று சட்டம் பேசுகிறார்கள். சுப்ரீம் கோர்ட் 2017 டிசம்பர் 12-இல் அந்த விஷயத்தில் ஓட்டல்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அங்கே பாட்டிலை மட்டும் விற்கவில்லை, இடமும் பரிமாறுவதும் சேர்ந்த சேவை அது என்பது கோர்ட்டின் கருத்து. எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை, ஆனால் அதுதான் தீர்ப்பு. ஆகவே பாட்டிலுக்குச் சண்டை போடாமல், "சொம்புல தண்ணி கொண்டாங்க தம்பி" என்று கேளுங்கள். இன்னொரு கூட்டம் இருக்கிறது, அங்கே வாயே திறக்காமல் வீட்டுக்கு வந்து கூகுளில் ஒரு நட்சத்திரம் போட்டுப் பழி தீர்த்துக்கொள்ளும். அதைப் பார்க்கிற முதலாளிக்குப் பொரியல் ஊசியதா, பார்க்கிங் கிடைக்கவில்லையா என்று எப்படித் தெரியும்? அன்றைய வாளி அன்றைக்கே உள்ளே போக வேண்டும் என்றால் அங்கேயே சொல்ல வேண்டும்.

பெரிய ஊர்களுக்குப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். அங்கே சில ஓட்டல்களில் பில்லின் அடியில் சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு தொகை தானாகச் சேர்ந்திருக்கும். அது வரி இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-இலேயே அப்படிக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் எதிர்த்துப் போயின. டெல்லி ஹைகோர்ட் 2025 மார்ச் 28-இல் வழிகாட்டுதல் சரிதான் என்று சொல்லி, வழக்குப் போட்ட சங்கங்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. மகன் முன்னால் கேட்கக் கூச்சமாக இருந்தாலும், "இதை எடுத்திருங்க" என்று கேளுங்கள். அந்தப் பையனுக்குக் கொடுக்க நினைப்பதை அவன் கையிலேயே கொடுங்கள்.

பில் கேட்டு வாங்குங்கள். துண்டுச் சீட்டில் 560 என்று எழுதிக் கொடுப்பது பில் இல்லை. விழுப்புரத்திலும் அசல் பில்லைக் கொடு என்று ஆணையம் தனியாக உத்தரவிட்டது. பில் இல்லாதவன் பேச்சு எங்கும் நிற்காது. பில் வந்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்னக் கடைகள் நம்மிடம் ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது, அதைப் பில்லிலேயே அச்சடித்திருக்க வேண்டும். இரண்டரையும் இரண்டரையும் ஐந்து என்று போட்டிருந்தால் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பேங்கில் முப்பது வருசம் வவுச்சர் பார்த்தவன், என் மனைவிக்கு இது பிடிக்காது, இருந்தாலும் பார்ப்பேன்.

அதற்கு மேலும் போக வேண்டிய நிலை வந்தால், "கோர்ட்டு, வக்கீலு, யாரு அலையறது" என்று பயப்பட வேண்டியதில்லை. 2019-இல் வந்த நுகர்வோர் சட்டப்படி, வாங்கிய ஊரில் மட்டும் என்றில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நமக்கு ஈரோடு மாவட்ட ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. நடந்து இரண்டு வருசத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். முதலில் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், தமிழிலேயே பேசலாம். பல விவகாரம் அந்தப் போனோடு முடிந்துவிடும், கடைக்காரருக்கு ஒரு தகவல் போனாலே போதும்.

ரிடையர் ஆன நமக்கு நேரம் இருக்கிறது. வேலைக்கு ஓடுகிற பிள்ளைகள் "உடுங்க மாமா" என்று சொல்வதில் நியாயம் உண்டு, அவர்களுக்குத் திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறது. நமக்கு என்ன இருக்கிறது? காலையில் நடை, பேப்பர், மத்தியானம் ஒரு தூக்கம். நடைக் கூட்டத்து நண்பர்கள் அடுத்த முறை ஓட்டலுக்குப் போகும்போது இலையில் எது குறைந்தாலும் கல்லாவில் ஒரு வார்த்தை மரியாதையாகச் சொல்லிவிட்டு வாருங்கள். என்ன பதில் கிடைத்தது என்று கீழே எழுதுங்கள், கடைப் பெயர் மட்டும் வேண்டாம். அந்தச் சூப்பர்வைசர் இருக்கும் கடைக்கு அடுத்த மாதம் மறுபடி போகப் போகிறோம், சம்மந்தி வீட்டில் இருந்து வருகிறார்கள். மெனு அட்டை அச்சடித்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.